நூறு வயது தேறாத ஐந்து பேர்

கேப்டனின் வலது முழங்கால் போனது, போன சீசன் முடிய ஒரே ஒரு ஆட்டம் பாக்கியிருந்தபோது. யாரும் அவனை இடிக்கவில்லை. எதிரணி ஆட்டக்காரன் ஒருவன் இடப்பக்கம் போவது போலப் போக்குக் காட்டி வலப்பக்கம் வெட்டினான். கேப்டனின் உடம்பு திரும்பியது, புல்லில் மாட்டிய பாதம் திரும்பவில்லை. காய்ந்த குச்சியை முறித்தது போல ஒரு சத்தம். அதைக் கேட்ட எதிரணிக்காரனே பந்தை விட்டுவிட்டுக் கையை உயர்த்தி டாக்டரைக் கூப்பிட்டான்.

கேப்டனுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. பதினொரு வருடமாக அந்த அணியின் பின்வரிசை நடுவில் நின்றவன். ரசிகர்கள் அவனைக் 'கதவு' என்பார்கள். சாத்தினால் சாத்தியதுதான் என்று பொருள். அறுவை சிகிச்சை செய்த டாக்டர் ஏழு மாதம் என்று சொன்னார். அதற்கு முன்னால் பந்தைக் காலால் தொட்டாயானால் திரும்ப என்னிடம் வராதே, வேறு டாக்டரைப் பார்த்துக்கொள் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அவன் கட்டிலில் கிடந்த அந்த நாட்களில் அணியின் பின்வரிசையே கலைந்துபோனது. அவனோடு எட்டு வருடம் தோளோடு தோள் நின்றவன் வேறு அணிக்குப் போய்விட்டான். இன்னொருவன், இனி என்னால் ஓட முடியாது என்று பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு மைத்துனரின் லாரி கம்பெனியைப் பார்க்கப் போனான். மிச்சமிருந்த ஒருவனும் கோல்கீப்பரும் ஒப்பந்தம் முடிந்து கிளம்பிவிட்டார்கள். ஆள் தேடிப் போன இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். வேறு வழியில்லாமல் பயிற்சியாளர் இளையோர் அணியிலிருந்து நாலு தடுப்பாட்டக்காரர்களையும் ஒரு கோல்கீப்பரையும் அப்படியே கொத்தாகத் தூக்கிக்கொண்டு வந்து மேலே போட்டார்.

ஐந்து பேர் வயதையும் கூட்டினால் நூறு தேறாது. நடுவில் நிற்பவர்கள் இரண்டு பேர். ஒருவன் நெட்டை. பேருந்தில் ஏறினால் தலையைக் குனிந்துகொண்டேதான் நிற்க வேண்டும். இன்னொருவன் கோட்டான். பதினெட்டு வயது, பெரிய பெரிய கண்கள், வாயில் ஒரு வார்த்தை வராது. வலது ஓரத்தில் வாலு, இடது ஓரத்தில் சைக்கிள். அவன் பயிற்சிக்குச் சைக்கிளில் வருவான், அதனால் அந்தப் பெயர். கோல்கீப்பர் பூனை. பால் மணம் மாறாத பின்வரிசை என்று ஒரு பத்திரிகை தலைப்புப் போட்டது. முதல் ஆட்டமே போன வருடச் சாம்பியனோடு. வாராவாரம் ஆட்டத்தைப் பற்றிப் பேசும் டிவிக்காரர்கள், எத்தனை கோல் விழும் என்பதில்தான் கருத்து வேறுபட்டார்களே தவிர, விழும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

கேப்டனுக்கும் இல்லை. அந்த ஆட்டத்தைப் பார்க்க அவன் ஊன்றுகோலோடு போனான். துணைக்கு மாமனார் வந்தார். அவர் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். கால்பந்து என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு. படியேறாமல் இருக்கட்டும் என்று மாப்பிள்ளைக்குக் கீழ்வரிசையில் இடம் கேட்டார். மைதானத்துக் காவலாளி, கேப்டனுக்கு எதற்குக் கீழ்வரிசை, மேலே வாருங்கள் என்று மரியாதையாகக் கூப்பிட்டு, லிஃப்டில் ஏற்றி, உச்சி வரிசையில் உட்கார வைத்துவிட்டார்.

பதினொரு வருடமாகத் தான் நின்ற இடத்தைக் கேப்டன் முதல்முறையாக உயரத்திலிருந்து பார்த்தான். உட்கார்ந்தபோது அவன் மனசுக்குள் ஒரு மூலையில் ஒரு ஆசை இருந்தது. அதை அவன் பிற்பாடு மனைவியிடம் மட்டும் ஒப்புக்கொண்டான். இந்தப் பையன்கள் திணற வேண்டும். ரொம்பக் கேவலமாக வேண்டாம், இரண்டு மூன்று கோல் போதும். கதவு இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும்.

முதல் கால்மணி நேரம் சாம்பியன்கள் அலையலையாக வந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இருபதாவது நிமிஷத்தில்தான் கேப்டன் அதைக் கவனித்தான். எதிரணியின் நடுக்கள ஆட்டக்காரன் பந்தை அனுப்பத் தலையைத் தூக்குகிறான். அவன் கால் பந்தைத் தொடுவதற்கு முந்தின கணத்தில், நாலு பேரும் ஒரே ஒரு அடி முன்னால் வைக்கிறார்கள். ஒரே கணத்தில், ஒரே அளவில், தரையில் விரித்த பாயை நாலு முனையிலும் பிடித்து இழுத்தது போல. அவர்களுக்குப் பின்னால் தங்கிப்போன எதிரணிக்காரன் ஆஃப்சைடு, அவனுக்கு வரும் பந்து செல்லாது. கோட்டோர நடுவரின் கொடி மேலே போகிறது. மறுபடி வருகிறார்கள். மறுபடி ஒரு அடி. மறுபடி கொடி.

அவனும் பதினொரு வருடம் அதையே செய்தவன்தான். ஆனால் அவன் கத்துவான். "ஏறு" என்று அவன் போடும் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை குரல் கட்டிப்போய், வெந்நீர் கேட்பதற்குக்கூட மனைவிக்குக் கையால் ஜாடை காட்டுவான். கத்தினால்கூட நாலில் ஒருவன் அரை அடி பிந்துவான். இவர்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவன் கையைக்கூடத் தூக்கவில்லை.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. மாமனார் எழுந்து நின்று கைதட்டினார். பிறகு பக்கத்தில் மாப்பிள்ளை இருப்பது ஞாபகம் வந்து மெதுவாக உட்கார்ந்துகொண்டார். கேப்டன் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு காலியான புல்தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்பது ஆட்டம் போனது. வாங்கியது ஒரே ஒரு கோல், அதுவும் பெனால்டி. நாடு முழுக்க அந்த ஐந்து பேரைப் பற்றித்தான் பேச்சு. அவர்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, கேப்டனைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். இது தாங்குமா? முடி வெட்டுபவர் கேட்டார். மேல்மாடிக்காரர் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார். மனைவி வேலை பார்த்த மருந்துக் கடைக்கு வந்தவர்கள், ரத்த அழுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு, உங்கள் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று அவளைக் கேட்டார்கள். பார்க்கலாம் என்று கேப்டன் எல்லாரிடமும் சொன்னான். தாங்காது என்றுதான் அவன் நினைத்தான். எந்தப் பின்வரிசையும் தாங்கியதில்லை. எதிரணிக்காரர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள், ஓட்டையைக் கண்டுபிடிப்பார்கள், அதற்கப்புறம் எல்லாம் பழைய கதைதான்.

ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் உச்சி வரிசைக்கே போய் உட்கார்ந்தான். ஊன்றுகோல் போய்க் கைத்தடி வந்தது, கைத்தடியும் போனது. கீழே போய் அணியோடு உட்காரலாமே என்று பயிற்சியாளர் கூப்பிட்டபோது, காலை நீட்ட அங்கே வசதியில்லை என்று சாக்குச் சொன்னான். உண்மை என்னவென்றால், கீழே இருந்து பார்த்தால் அது தெரியாது. மேலே இருந்தால்தான் அந்த நாலு பேரும் நகர்வது ஒரே உடம்பு மூச்சு விடுவது போலத் தெரியும். ஒருநாள் தன் கை முடிகள் குத்திட்டு நிற்பதைப் பார்த்து, குளிர்கிறது என்று சொல்லிச் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். அன்றைக்கு நல்ல வெயில்.

மாமனார் அதைக் கவனித்திருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் வழியில் ரொம்ப நேரம் தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க மாமா."

"உங்க ஆட்டத்த நான் பொண்ணு கொடுக்கறதுக்கு முன்னாடியிருந்து பாக்கறேன். உங்கள மாதிரி வராது. ஆனா இந்தப் பசங்க..." என்று இழுத்தார்.

"ஆமா மாமா," என்றான் கேப்டன். "நானும் அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

வீட்டில் அன்று அவன் மனைவி இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு, என்ன, தோற்றுவிட்டார்களா என்று கேட்டாள். ஜெயித்துவிட்டார்கள் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஆறாவது மாதம் மெதுவாக ஓடலாம் என்று டாக்டர் விட்டார். பெரிய மைதானத்தில் அணி பயிற்சி செய்துகொண்டிருந்ததால், முழங்காலைப் பார்த்துக்கொண்ட பிசியோ அம்மா அவனை இளையோர் மைதானத்துக்குக் கூட்டிப் போனாள். கேப்டன் வேறு ஊர் அணியிலிருந்து வந்தவன். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. மைதானத்தின் நீளவாட்டில், ஒரு சுவர் தள்ளி, தகரப் பட்டறை ஒன்று இருந்தது. தகடுகளை வெட்டி, அடித்து, வளைத்து, பெரிய பெரிய தொட்டிகள் செய்யும் பட்டறை. சுவரை ஒட்டியே மூன்று இயந்திரங்கள். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் மாலை ஐந்து வரை ஓயாது.

அவன் பாதி மைதானம் ஓடிவிட்டு, முழங்காலில் ஏதோ இழுக்கிறது, நிறுத்தட்டுமா என்று பிசியோ அம்மாவிடம் கேட்டான். அவள் பத்தடி தள்ளி நின்றிருந்தாள். காதில் விழவில்லை. உரக்கக் கேட்டான். கத்தினான். தான் கத்தியது தனக்கே கேட்கவில்லை. அவள் அவன் உதட்டைப் பார்க்கவில்லை. அவன் வலது தோள் தாழ்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, போதும் என்று கையைக் காட்டினாள்.

கேப்டன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான்.

இளையோர் அணியில் நாலரை வருடம். அந்த ஐந்து பேரும் தினமும் காலையில் மூன்று மணி நேரம் இந்த மைதானத்தில்தான் ஆடியிருக்கிறார்கள். கத்திப் பிரயோஜனமில்லை. காதால் ஆட முடியாதவர்கள் கண்ணால் ஆடக் கற்றுக்கொண்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பட்டறைக்காரனும் இதற்காக இயந்திரம் ஓட்டவில்லை. அடுத்தவன் தோள் எப்போது தாழ்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தக் காலில் எடை போகிறது என்று கணத்துக்குக் கணம் பார்த்துப் பார்த்து, பார்ப்பதே தெரியாத அளவுக்குப் பழகிப்போயிருக்கிறது. அந்த வாரச் சனிக்கிழமை அவன் பந்தைப் பார்க்கவே இல்லை. கோட்டானின் தலையை மட்டும் பார்த்தான். இரண்டு வினாடிக்கு ஒருமுறை அது ஒரு விரற்கடை இடப்பக்கம், ஒரு விரற்கடை வலப்பக்கம் திரும்பியது. ஆட்டம் முழுக்க. ஒருமுறைகூட விட்டுப்போகவில்லை.

பத்தாவது ஆட்டத்தில் அது உடைந்தது.

எதிரணிப் பயிற்சியாளர் ஒரு கெட்டிக்காரக் கிழவர். அவரும் எங்கேயோ உட்கார்ந்து கோட்டானின் தலையைப் பார்த்திருக்க வேண்டும். தன் ஆட்களிலேயே அகலமான ஒருவனை நெட்டைக்கும் கோட்டானுக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். அவன் பந்தைத் தேடிப் போகவில்லை, ஓடவில்லை. சும்மா நின்றான். அவ்வளவுதான் வேலை. கோட்டான் தலையைத் திருப்பினால் நெட்டை தெரியவில்லை, ஒரு முதுகு தெரிந்தது. நெட்டை ஒரு அடி வைத்தபோது கோட்டான் வைக்கவில்லை. முதல் கோல். அடுத்து கோட்டான் வைத்தான், நெட்டை வைக்கவில்லை. இரண்டாவது. பிறகு நாலு பேரும் தங்கள் பாட்டுக்கு ஓட ஆரம்பித்தார்கள். மொத்தம் நாலு கோல். கடைசிக் கோல் விழுந்ததும் பூனை வலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். வாலு போய்க் கையைக் கொடுத்துத் தூக்கினான்.

மறுநாள் பத்திரிகைகளில் நீர்க்குமிழி, மத்தாப்பு, புஸ்வாணம் என்று ஆளுக்கொரு வார்த்தை. கேப்டனின் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. எப்போது வருகிறீர்கள் என்ற ஒரே கேள்விதான். திங்கட்கிழமை காலையில் டாக்டர் முழங்காலை மடக்கி, நீட்டி, முறுக்கிப் பார்த்துவிட்டு, போய் ஆடு என்று சொல்லிவிட்டார். அன்று மாலையே பயிற்சியாளர் கூப்பிட்டனுப்பினார். சனிக்கிழமை நீதான் இறங்குகிறாய், கோட்டானை உட்கார வைக்கிறேன் என்றார். ஏழு மாதமாக இந்த வார்த்தைக்குத்தான் கேப்டன் காத்துக்கிடந்தான். சரி என்று சொல்ல அவனுக்கு அரை வினாடிகூட ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் அவன் நெட்டைக்குப் பக்கத்தில் நின்றான். எதிரே மாற்று ஆட்டக்காரர்கள். புல் வாசனையும் பந்தின் சத்தமும் அவனுக்கு அழுகையே வரவழைத்தன. முதல் பந்து வந்தது. பழக்க தோஷத்தில், "ஏறு" என்று கத்தினான்.

மூன்று பேரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள்.

அவர்கள் மரியாதையாகத்தான் திரும்பினார்கள். அண்ணன் கூப்பிடுகிறார், என்ன என்று கேட்போம் என்பது போல. அந்த ஒரு கணத்தில் பந்து அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த முறை கேப்டன் இன்னும் முன்கூட்டியே கத்தினான். அவர்கள் இன்னும் முன்கூட்டியே திரும்பினார்கள். இருபது நிமிஷத்தில் மூன்று கோல். போன வாரம்வரை இவர்களிடம் ஒரு கோல்கூடப் போட முடியாமல் இருந்த மாற்று ஆட்டக்காரர்கள், என்ன நடக்கிறது என்று புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பயிற்சியாளர் விசில் ஊதினார். கொஞ்சம் மாற்றிப் பார்ப்போம் என்று கோட்டானை உள்ளே விட்டார். மாற்று அணியில் ஒரு ஆள் குறைந்தது. கேப்டன், நீ அந்தப் பக்கம் போய் முன்னால் நில் என்றார். வாழ்நாளில் முன்வரிசையில் ஆடாதவன். ஆனாலும் போனான். போகும்போதே என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானித்துவிட்டான். அந்த அகலக்காரன் நின்ற இடத்திலேயே, நெட்டைக்கும் கோட்டானுக்கும் நடுவில் போய் நின்றான்.

முதல் பந்தில் கோல். இரண்டாவது பந்தில், மயிரிழையில் தவறியது. இவ்வளவுதான், ஓட்டை தெரிந்துவிட்டது, இனி எல்லா அணியும் இதையே செய்யும் என்று கேப்டன் நினைத்தான். அப்படி நினைத்தபோது அவனுக்குச் சந்தோஷமாக இல்லை. அதுவே அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாவது பந்துக்கு முன்னால் கோட்டான் அரை அடி பின்னால் போனான். அரை அடிதான். யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை, அவனும் யாரிடமும் சொல்லவில்லை. பின்னால் போனவன் கேப்டனின் முதுகைத் தாண்டி நெட்டையைத் தேடவில்லை. மறுபக்கம் திரும்பி, இடது ஓரத்தில் நின்ற சைக்கிளைப் பார்த்தான். சைக்கிள் நெட்டையை முன்பக்கமாகப் பார்க்கக்கூடிய இடத்துக்கு நகர்ந்திருந்தான். நெட்டையின் தோள் தாழ்ந்தது, சைக்கிளின் தோள் தாழ்ந்தது, கோட்டான் அடியெடுத்து வைத்தான். நேராக ஓடிய நூல் ஒரு முளையைச் சுற்றிக்கொண்டு போய் மறுபடி அதே இடத்தில் இறுகியது போல. பந்து கேப்டனின் காலுக்கு வந்தபோது அவனைச் சுற்றிப் போக வழியே இல்லை. வலப்பக்கம் திரும்பினான், ஆள். இடப்பக்கம், ஆள். கோட்டோரம் நின்ற உதவிப் பயிற்சியாளரின் கொடி உயர்ந்திருந்தது.

மறுபடி நகர்ந்து நின்று பார்த்தான். அவர்கள் மறுபடி வேறு வழியில் சுற்றிக்கொண்டார்கள், இந்தத் தடவை வாலு வழியாக. ஐந்தாவது, ஆறாவது முயற்சிக்கு மேல் அவன் ஓடுவதை விட்டுவிட்டான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான். தண்ணீருக்குள் கையை விட்டு எடுத்தால் அந்த இடம் எப்படி மூடிக்கொள்ளுமோ, அப்படி மூடிக்கொண்டது அந்த வரிசை. மேலிருந்து ஒன்பது வாரம் பார்த்தும் அவனுக்கு இது தெரியவில்லை. உள்ளே சிக்கியவனுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தது. சனிக்கிழமை நாலு கோல் வாங்கிக் கலைந்துபோன பையன்கள், மூன்றே நாளில், ஒரு வார்த்தை பேசாமல், கண்ணாலேயே யோசித்து இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

குளித்துவிட்டு அவன் பயிற்சியாளர் அறைக்குப் போனான். அவர் சனிக்கிழமைக்கான பட்டியலை எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னப் போடாதீங்க சார்," என்றான்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "முட்டி வலிக்குதா?"

"இல்ல. நான் உள்ள போனா அது கெட்டுப்போயிடும். நீங்களே பாத்தீங்க."

"பாத்தேன். ஆனா நீ வந்து சொல்லுவேன்னு எதிர்பாக்கல." பட்டியலை ஒரு ஓரமாகத் தள்ளினார். "ஊரே உன்னப் போடுன்னு கத்தும். அவங்க மறுபடி நாலு வாங்கினா என் கழுத்துக்குக் கத்தி."

"வாங்கினாலும் பரவாயில்ல சார். இத விட்டா இப்படி ஒண்ண நாம மறுபடி பாக்கவே முடியாது."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னான். ஏழு மாதம் அவன் காலைத் தூக்கித் தலையணையில் வைத்தவள் அவள்தான். நீ சும்மா பெருந்தன்மைக்காகச் சொல்கிறாயா என்று கேட்டாள். இல்லை, வந்து பார், புரியும் என்றான். அவள் சனிக்கிழமை மருந்துக் கடைக்கு அரை நாள் லீவு போட்டாள்.

சனிக்கிழமை பன்னிரண்டாவது நிமிஷத்திலேயே கோல் விழுந்தது. எதிரணி ஒரு ஆளை அல்ல, இரண்டு ஆளை நடுவில் நிறுத்தியிருந்தது. மைதானம் முழுக்க, "கதவு, கதவு" என்று கத்தல் எழுந்தது. ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கேப்டன் தலையைக் குனிந்துகொண்டான். பதினொரு வருடம் அவன் காது குளிரக் கேட்ட பெயர். அன்றைக்கு அது அந்தப் பையன்கள் தலையில் கல்லாக விழுவதை அவன் பார்த்தான். பயிற்சியாளர் அவன் பக்கம் திரும்பவில்லை.

அந்த ஐந்து பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளவில்லை, கையை விரிக்கவில்லை. பந்தை நடுவில் வைக்கப் போகும் நேரத்தில் நாலு தலைகளும் ஒருமுறை திரும்பின. அவ்வளவுதான். இருபதாவது நிமிஷத்தில் கோட்டான் அரை அடி பின்னால் போனான். சைக்கிள் உள்ளே வந்தான். முப்பதாவது நிமிஷத்தில் பூனை கோல் வாயிலை விட்டுப் பத்தடி முன்னால் வந்து நின்று வரிசையோடு சேர்ந்துகொண்டான். கொடி உயர்ந்தது. மறுபடி உயர்ந்தது. இடைவேளைக்குள் எட்டு முறை. கத்தல் தானாக அடங்கி, மைதானத்தில் ஒரு விசித்திரமான அமைதி வந்தது. ஆயிரக்கணக்கான பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பந்து இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டுப் பின்வரிசையையே பார்த்தார்கள். இரண்டாவது பாதியில் அணி ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. அதற்கு எழுந்த கைதட்டலைவிட அடுத்து வந்த கொடிக்கு எழுந்த கைதட்டல் பெரிதாக இருந்தது.

எழுபத்தெட்டாவது நிமிஷத்தில் கோட்டான் புல்லில் விழுந்தான். இரண்டு கெண்டைக்காலும் இழுத்துக்கொண்டுவிட்டன. எழ முயன்றான், முடியவில்லை. இனி வேறு வழியில்லை. பயிற்சியாளர் கேப்டனைப் பார்த்தார்.

ஏழு மாதம் கழித்து அவன் கோட்டைத் தாண்டி உள்ளே போனான். மைதானமே எழுந்து நின்றது. அவன் காதில் ஒன்றும் விழவில்லை. போய் நெட்டைக்குப் பக்கத்தில் நின்று, பற்களைக் கடித்து வாயை மூடிக்கொண்டான். தலையை இடப்பக்கம் திருப்பினான், வலப்பக்கம் திருப்பினான். கழுத்து வலித்தது. முதல் பந்து வந்தபோது நெட்டையின் தோள் தாழ்ந்ததைப் பார்த்துத்தான் அடியெடுத்தான், ஆனால் ஒரு இமைப்பொழுது பிந்திவிட்டான். எதிரணிக்காரன் அவன் பக்கமாகத் தப்பி ஓடினான். பூனை பாய்ந்து வந்து நெஞ்சால் தடுத்தான். எழுந்தவன் கேப்டனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான், பரவாயில்லை என்பது போல.

இரண்டாவது பந்து. அவன் இந்தத் தடவை தோளைத் தேடவில்லை. தேடுவதற்கு முன்பே அவன் கால் நகர்ந்திருந்தது. இடப்பக்கம் ஒருவன், வலப்பக்கம் இரண்டு பேர், பின்னால் பூனை. எல்லாருடைய எடையும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தது. அதில் தன் எடை எது என்று அவனுக்குப் பிரித்துத் தெரியவில்லை. கொடி உயர்ந்ததா என்று திரும்பிப் பார்க்கவும் தோன்றவில்லை. பதினொரு வருடம் ஆடியும் இப்படி ஒன்று இருக்கும் என்று அவன் கனவில்கூட நினைத்ததில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. வியர்வை என்று புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. ஜெயிக்கவில்லை. ஆனால் போகும்போது யாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகவில்லை. உடை மாற்றும் அறையில் கோட்டான் பெஞ்சில் மல்லாந்து கிடந்தான். இரண்டு கெண்டைக்காலிலும் ஐஸ் கட்டியிருந்தது. கேப்டன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். கூரையைப் பார்த்தபடியே கோட்டான் வாயைத் திறந்தான்.

"அண்ணா, மொத தடவ நாலு கோல் வாங்கினப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"இருபத்திரண்டு," என்றான் கேப்டன். "நாலு இல்ல. ஏழு."

கோட்டான் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தான். பிறகு சிரித்தான். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சிரித்து அவர்களும் கேட்டதில்லை போலிருக்கிறது.

முப்பது ஆட்டம் கொண்ட அந்த சீசனில் அவர்கள் மொத்தம் பத்தொன்பது கோல் வாங்கினார்கள். முதல் ஒன்பது வாரம் போல அதற்கப்புறம் நடக்கவில்லை, நடக்கவும் முடியாது. குளிர் மாதத்தில் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றார்கள். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு புது வழியைக் கண்டுபிடித்தார்கள், இவர்கள் இரண்டு வாரத்துக்குள் அதைச் சுற்றிக்கொண்டு போக இன்னொரு வழியைக் கண்டுபிடித்தார்கள். கோப்பை கிடைக்கவில்லை, மூன்றாவது இடம்தான். ஆனால் லீக்கிலேயே குறைவாகக் கோல் வாங்கியவர்கள் அவர்கள்தான். கேப்டன் பதினான்கு ஆட்டத்தில் இறங்கினான். பெரும்பாலும் கடைசி அரைமணி நேரம். இரண்டே ஆட்டத்தில்தான் தொண்ணூறு நிமிஷமும் நின்றான். மனைவி ஒரு ஆட்டம் விடாமல் வந்தாள். மாமனாரோடு சேர்ந்துகொண்டு, யார் யாரைப் பார்த்து அடியெடுத்து வைக்கிறார்கள் என்று விரலால் காட்டிச் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

சீசன் முடிந்ததும் பயிற்சியாளர் இன்னொரு வருடத்துக்கான காகிதத்தை நீட்டினார். எத்தனை ஆட்டம் கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது, இந்த வருடத்தைவிடக் குறையலாம் என்று தயங்கிக்கொண்டே சொன்னார். கேப்டன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, பயிற்சி எந்தத் தேதியில் ஆரம்பிக்கிறது என்று மட்டும் கேட்டான்.